ஊனமும் சேரியும்: வாழ்க்கைத் தரத்தை அளப்பது யார்?

(மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களுடைய வாழ்க்கைத் தரத்தை அளவிடுவது குறித்த ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அளப்பது என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு மரக்கால்தான் ஞாபகத்துக்கு வரும். களத்துமேட்டில் நெல்லை அளந்து போடுகிறவர் ஆண்டை. துணியை விரித்து ஏந்துகிறவர்கள் நாம். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த ஆண்டைகளைப் பற்றி என் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்லும். சிரிக்கிற விஷயமில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஆகவே யார் எந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு சேரிக்குள் வந்தாலும் நமக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும். அளக்கிறது யாரு? அளந்து யாருக்குப் போடப் போறீங்க?

இன்றைக்கு நம்மிடம் வந்திருக்கும் அளவுகோலுக்குப் பெயர் குடும்ப வாழ்க்கைத் தர அளவுகோல். ஊனமுற்ற ஒருவர் இருக்கிற குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை எண்ணாக மாற்றித் தருகிற கருவி. தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர்களும் இப்போது இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். நானும் பல ஆண்டுகள் வட மாவட்டத்துச் சேரிகளில் இந்த மாதிரிப் படிவங்களோடு அலைந்தவள்தான். எண் கூடினால் "எங்கள் சேவையால் குடும்பங்கள் முன்னேறின" என்று நிதி கொடுப்பவர்களுக்கு அறிக்கை போகும். எண் ஏற்கெனவே நல்லா இருந்தால் அந்த ஊருக்கு ஒன்றும் தேவையில்லை என்று முடிவாகும். ஒரு பிள்ளைக்கு நடைபயிற்சிக் கருவி வருமா வராதா, ஒரு தாய்க்கு வாரத்தில் இரண்டு நாள் மாற்று ஆள் கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் இந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை ஆய்வாளர்களின் விவகாரம் என்று விட்டுவிட முடியாது என்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றி நியாயமாகப் பேசுவோம். அதிகம் பயன்படுகிற ஒன்று அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீச் மையத்தில் உருவாகி 2006இல் வெளியானது. 25 கேள்விகள். குடும்பத்துக்குள் உறவு, பிள்ளை வளர்ப்பு, மனநலம், உடல்நலமும் பொருள் வசதியும், ஊனம் சார்ந்த உதவிகள் என ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு திருப்தி என்று ஐந்து படிகளில் பதில் சொல்ல வேண்டும். அந்த மையத்தை நிறுவிய டர்ன்புல் தம்பதியருக்கே அறிவுசார் குறைபாடு கொண்ட மகன் இருந்தார். எனவே இது யாரோ வேடிக்கை பார்த்து எழுதியதல்ல. அதுவரை மருத்துவர்கள் ஊனமுற்ற உடம்பை மட்டுமே அளந்துகொண்டிருந்தார்கள்; அல்லது தாயின் மன அழுத்தத்தை அளந்து, பிள்ளையைச் சுமை என்று எழுதினார்கள். குடும்பமும் மனுசங்கதான், அவங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு என்று சொன்னது பெரிய மாற்றம். அதை நான் மறுக்கவில்லை.

இன்னொரு கருவி கனடா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. ஒன்பது பகுதிகள் கொண்டது. அதில் திருப்தியோடு நிற்காமல், உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறதா, அதற்காக நீங்கள் முயற்சி எடுக்கிறீர்களா, எந்த அளவுக்குக் கிடைத்திருக்கிறது என்றும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். இது கொஞ்சம் மேல். ஆனால் கேள்விகள் நீளம், நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு வருகிறவர்கள் 25 கேள்வியைத்தான் எடுக்கிறார்கள்.

சரி, அந்த 25 கேள்வி சேரிக்குள் வந்தால் என்ன ஆகிறது?

ஒரு வீடு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூளை முடக்குவாதம். உட்கார முடியாது. தாய் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது போக முடியவில்லை. அவரிடம் கேட்கிறோம்: தேவைப்படும்போது உங்க குடும்பத்துக்குப் பல் வைத்தியம் கிடைப்பதில் எவ்வளவு திருப்தி? அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "பல்லு வலிச்சா ரெண்டு லவங்கம் வச்சிக் கடிப்போம் கண்ணு. அதுக்குன்னா டாக்டரு?" அவர் பல் வைத்தியத்தை எதிர்பார்க்கவே இல்லை. எதிர்பார்க்காத ஒன்றில் அதிருப்தி எங்கிருந்து வரும்? ஓரளவு திருப்தி என்று பதிவானது. அடுத்து, உங்களுக்கு விருப்பமானதைச் செய்ய நேரம் கிடைக்கிறதா? "நேரந்தான் கீதே, ராத்திரி பூரா முழிச்சிக்கினுதான கீறேன்." இதையும் படிவத்தில் எங்கே போடுவது? நேரம் கிடைக்கிறது என்றா? பையனுக்கு இரவில் வலிப்பு வரும் என்பதால் அவர் தூங்குவதில்லை என்ற செய்தியை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

திருப்தி என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம பெண்கள் அதைச் சோறு போட்ட இடத்தில்தான் பயன்படுத்துகிறார்கள். வயிறு திருப்தியா சாப்பிட்டியா என்று கேட்பார்கள். வாழ்க்கையைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. அதிலும் "திருப்தியுமில்லை அதிருப்தியுமில்லை" என்று நடுவில் ஒரு படி வைத்திருக்கிறார்கள் பாருங்க, அதை இதுவரை ஒருத்தருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. ரெண்டும் இல்லன்னா அப்புறம் என்னாத்துக்கு எழுதறே என்பார்கள்.

இங்கே பதில் சொல்கிறவரின் மனதில் என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். பேனாவும் தாளுமாக ஒருத்தி வந்து நிற்கிறாள். இவள் அரசாங்க ஆளா, பணம் தருகிற ஆளா என்று தெரியாது. குறை சொன்னால் வருகிற உதவித்தொகை நின்றுபோகுமோ என்ற பயம் ஒருபுறம். குறை சொன்னால் பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத தாய் என்று எழுதிவிடுவார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். ஆண்டைக்கு முன்னால் நின்று "சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோங்க" என்று பல தலைமுறையாகச் சொல்லிப் பழகிய நாக்கு அது. அந்த நாக்கிடம் போய் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்க என்றால் நான்கு என்றுதான் சொல்லும். ஐந்து சொன்னால் கண்பட்டுவிடும்!

இது ஏதோ நம் மனக்குறை அல்ல. அமர்த்தியா சென் ரொம்ப காலமாக இதைத்தான் எழுதி வருகிறார். நீண்ட காலம் ஒடுக்கப்பட்டவர்கள் பிழைத்துக் கிடப்பதற்காகவே ஆசைகளைச் சுருக்கிக்கொள்வார்கள். ஆகவே மகிழ்ச்சியையோ திருப்தியையோ வைத்து அவர்களுடைய நிலையை அளந்தால் கொடுமை கண்ணில் படாமல் போகும் என்பது அவர் வாதம். 2009இல் வந்த நீதி குறித்த அவருடைய நூலில் ஊனத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார். ஊனம் சம்பாதிக்கும் திறனைக் குறைக்கிறது, இது ஒன்று. சம்பாதித்த பணத்தை நல்ல வாழ்வாக மாற்றுவதற்கும் கூடுதலாகச் செலவாகிறது, இது இரண்டாவது. பிரிட்டனில் வீப்கே குக்லிஸ் செய்த ஆய்வை எடுத்துக் காட்டுகிறார். அங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களில் வாழ்பவர்கள் 17.9 சதவீதம். ஊனமுற்றவர் உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்தால் 23.1 சதவீதம். அந்தக் கூடுதல் செலவையும் கணக்கில் சேர்த்தால்? 47.4 சதவீதம். ஏறக்குறைய பாதி. வருமானத்தை மட்டும் பார்த்திருந்தால் இவர்களில் பாதிப்பேர் ஏழைகளாகவே கணக்கில் வந்திருக்க மாட்டார்கள்.

பிரிட்டனிலேயே அப்படி. அங்கே சாதித் தெரு கிடையாது. நம்ம ஊரில் அந்தக் கூடுதல் செலவு என்பது ஆட்டோ வாடகை மட்டுமா? பஸ் நிறுத்தம் ஊர்ப் பக்கம் இருக்கிறது. சேரியிலிருந்து அதுக்குப் போகிற வழி வரப்பு. வரப்பில் சக்கர நாற்காலி போகாது, தூக்கிக்கொண்டுதான் போகணும். பத்து வயது வரை தாய் தூக்குவார். பதினைந்து வயதில் யார் தூக்குவது? அங்கன்வாடி ஊர்த் தெருவில் இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் எப்படியோ ஓடிப்போய் வந்துவிடும். நடக்க முடியாத பிள்ளையை வேறு ஒருவர் தூக்கிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போக வேண்டும். அந்தத் தெருவில் என்ன பார்வை, என்ன பேச்சு வரும் என்று இங்கே இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. சேரியில் ஊனம் இரண்டு முறை நடக்கிறது. ஒரு முறை உடம்பில், இன்னொரு முறை வழியில்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. வீட்டிலும் வேலையிலும் பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் உங்கள் குடும்பம் பாதுகாப்பாக உணர்கிறதா என்பது. அக்கம்பக்கம் என்றால் யார்? சேரிக்குள்ளே என்றால் பாதுகாப்புதான். காது கேளாத பெண்பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். ஊரையும் சேர்த்துத்தான் அக்கம்பக்கம் என்றால் பதில் தலைகீழ். இந்தக் கேள்வியை எழுதியவர்களுக்கு ஒரு குடும்பத்துக்கு இரண்டு அக்கம்பக்கம் இருக்கும் என்று தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை. அதை மொழிபெயர்த்து அப்படியே கொண்டுவந்த நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளில் வாழ்க்கைத் தரக் கேள்விகளை உருவாக்கியபோது உலகம் முழுக்க எடுத்துக்கொண்ட பதினைந்து மையங்களில் சென்னையும் டெல்லியும் இருந்தன. இங்கிருந்தும் பேசித்தான் அந்தக் கேள்விகள் செய்யப்பட்டன. இருந்தும் அவர்கள் கடைசியில் கொண்டுவந்த 26 கேள்வி கொண்ட சிறு படிவத்தில் சாதி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உலகம் முழுக்கப் பொருந்த வேண்டும் என்பதற்காக நம்மை நாமாக ஆக்கியிருக்கிற விஷயத்தை எடுத்துவிட்டால், மிச்சம் யாரைப் பற்றிய அளவு?

எண்களைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடி, அதாவது 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் இது 2.45 சதவீதம். பழங்குடியினரில் 2.05. மற்றவர்களில் 2.18. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கோடிக்கணக்கான மக்களில் இது லட்சக்கணக்கான உடம்புகள். நம் உடம்பு பிறவியிலேயே வேறா? கல்குவாரியில் நுரையீரலில் தூசி படிவது யாருக்கு? மலக்குழிக்குள் இறங்குவது யார்? போலியோ கிருமி மலம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுவது. அது எந்தத் தெருக் குழாயில் வரும், எந்தத் தெருக் குழாயில் வராது? கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நல்லது. ஆனால் அதற்கு முந்தைய தலைமுறை இன்னமும் நம் தெருக்களில் கையை ஊன்றித் தவழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

எண்ணுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரன் 1872லிருந்து ஊனத்தையும் எண்ணினான், சாதியையும் எண்ணினான். 1931 வரை இரண்டும் கணக்கில் இருந்தன. அதன் பிறகு இரண்டும் ஒரே சமயத்தில் காணாமல் போயின. ஊனம் 1981இல் திரும்ப வந்தது, 1991இல் மறுபடி போனது, 2001இல்தான் நிலைத்தது. பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதிகளின் கணக்கு இல்லவே இல்லை. 2027 கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. நாம் இப்போதே கேட்க வேண்டியது, சாதியையும் ஊனத்தையும் வீட்டு வசதியையும் ஒரே அட்டவணையில் குறுக்காகப் போட்டு வெளியிடுங்கள் என்பது. தனித்தனி அட்டவணை ஆயிரம் வந்தாலும் அந்தச் சூளைக்காரம்மா எதிலும் தெரியமாட்டார்.

இவ்வளவு சொன்னதும் சில தோழர்களுக்கு, அப்ப நம்ம சனங்க நல்லா இருக்கோம்னு சொல்றது எல்லாமே பொய்தானா என்று தோன்றும். இல்லை. இங்கே நிதானமாகப் போக வேண்டும். 1999இல் அமெரிக்காவில் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இருவர், கடுமையான ஊனமுள்ளவர்களிடம் பேசிப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கைத் தரம் நல்லது அல்லது மிக நல்லது என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாத புதிராக இருந்தது. ஏன் புதிராக இருக்க வேண்டும்? ஊனம் என்றாலே துயரம் என்று நினைக்கிறவருக்குத்தான் புதிர். இதன் எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். 1993 உலக வங்கி அறிக்கையில் நோய்ச் சுமையைக் கணக்கிடுவதற்கு ஒரு முறை அறிமுகமானது. ஒவ்வொரு ஊனத்துக்கும் ஒரு எடை. அந்த எடைகளை நிர்ணயிக்க சுகாதார நிபுணர்களை உட்கார வைத்து, ஆரோக்கியமான ஆயிரம் பேரின் ஓராண்டு ஆயுளும் பார்வையற்ற எத்தனை பேரின் ஓராண்டு ஆயுளும் சமம் என்கிற ரீதியில் கேட்டார்கள். பின்னாளில் முறையை மாற்றினார்கள் என்பது வேறு. ஆனால் இந்த மாதிரிக் கணக்கை நாம் வேறெங்கோ பார்த்த மாதிரி இல்லையா? இந்த வருணத்தவனைக் கொன்றால் இத்தனை மாடு தண்டம், அந்த வருணத்தவனைக் கொன்றால் இத்தனை மாடு தண்டம் என்று எழுதி வைத்த கணக்கு!

எனவே அந்தத் தாய் "எம் புள்ள சிரிச்சா போதும், எனக்கு ஒண்ணுமே வேணாம்" என்று சொன்னால் அந்தச் சிரிப்பு உண்மை. அதை வறுமையின் மயக்கம் என்று நிபுணத்தனமாக எழுதுவதற்கு நமக்கு உரிமையில்லை. எனக்கு ஒண்ணுமே வேணாம் என்கிற பாதியைத்தான் நாம் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. சிரிப்பை அவர்கள் சொல்லட்டும். வேணுமா வேணாமா என்பதை அவர்கள் மனநிலையிலிருந்து கணக்கிடாமல், கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று நேரடியாக எண்ணுவோம். என் நிலைப்பாடு இவ்வளவுதான்.

என்னவெல்லாம் எண்ணலாம்? தூக்கிய மணி நேரத்தை எண்ணலாம். 2019இல் ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளைக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வீட்டாரைப் பராமரிக்கிறவர்களில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76. இது பொதுக் கணக்கு. வலிப்பு வருகிற பிள்ளை உள்ள வீட்டில், தண்ணீர் வெளியிலிருந்து எடுத்து வர வேண்டிய வீட்டில், இது எவ்வளவு? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். அப்புறம் சான்றிதழ். 40 சதவீதம் ஊனம் என்று மருத்துவர் எழுதினால்தான் பெரும்பாலான சலுகைக்குள் நுழைய முடியும். அந்த ஒரு தாளுக்காக எத்தனை தடவை மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை பேருடைய கூலி போனது? எவ்வளவு வட்டிக்கு வாங்கினார்கள்? ஒன்றிய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதுவும் 80 சதவீத ஊனம் இருந்தால், மாதம் 300 ரூபாய் என்று 2012இல் வைத்தார்கள். பத்தாண்டு கழிந்த பிறகும் அதே 300. அதற்கு மேல் மாநில அரசு எவ்வளவு போட்டாலும், தாய் இழந்த கூலியை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டங்களைவிட ஊனமுற்றோருக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. அந்தக் கால் பங்கு கூடுதல் நம் தெருவில் யாருக்காவது வந்ததா என்பதும் ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

இன்னொன்று, வீட்டில் பள்ளியை விட்டது யார். எங்கள் வீட்டில் என் தம்பிக்கு நடக்க வராது. பெரிய அக்கா எட்டாம் வகுப்போடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, ஒரு வாரம் போகாமல் இருந்தது, அப்படியே நின்றுவிட்டது. நான் படித்ததற்கும் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்பதற்கும் அந்த வருசங்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது. குடும்பம் என்று ஒற்றை எண் போட்டால் அக்காவும் நானும் ஒரே எண்ணுக்குள் போய்விடுவோம். அப்பா சாராயக் கடையிலிருந்து வந்து, எங்களுக்கென்ன குறை என்று பதில் சொன்னால் அதுதான் குடும்பத்தின் பதில். எங்கள் தம்பியை யாரும் கேட்டதே கிடையாது. அவனுக்குப் பேச்சு தெளிவாக வராது, ஆனால் எல்லாம் புரியும். குடும்பத்துக்கு எது வசதியோ அதையே ஊனமுற்றவரின் நலன் என்று எழுதுகிற ஆபத்து இந்த அளவுகோலுக்குள் இருக்கிறது. கட்டிலில் கட்டிப் போட்டால் குடும்பத்துக்கு நிம்மதி, மதிப்பெண்ணும் கூடும்! ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு படிவம் போதாது. தாய்க்குத் தனி, அக்கா தங்கைக்குத் தனி, ஊனமுற்றவருக்குத் தனி. பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்பது என்பதற்குப் படம் காட்டுவது, கண்ணசைவு என்று எத்தனையோ வழி இருக்கிறது. நேரம்தான் ஆகும்.

கருவியில் மதிப்பீடுகளின் தாக்கம் என்று ஒரு பகுதி வருகிறது. மத நம்பிக்கை குடும்பத்துக்குத் தெம்பு தருகிறதா என்று கேட்கிறார்கள். நம்மிடம் இதை எப்படிக் கேட்பது? மனுவின் பதினோராம் அத்தியாயத்தில் குதிரை திருடியவன் நொண்டியாகவும் விளக்கைத் திருடியவன் குருடனாகவும் பிறப்பான் என்று இருக்கிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் கெட்ட நடத்தை உள்ளவன் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளனாகவோ பிறப்பான் என்று இருக்கிறது. ஒரே கணக்குப் பிள்ளைதான் இரண்டு பேரேட்டையும் எழுதியிருக்கிறான். மனுவின் ஒன்பதாம் அத்தியாயம் குருடர், செவிடர், ஊமையருக்குச் சொத்தில் பங்கில்லை என்றது. இதை உடைக்க 1928இல் ஒரு சட்டமும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் தேவைப்பட்டன. சட்டம் போய்விட்டது, சொல் போகவில்லை. பையனைப் பார்த்துவிட்டு "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாளோ" என்று தாயைப் பார்த்து ஊர் சொல்கிறது. நம் தெருவிலும் சொல்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம். போன ஜென்மக் கதையை வைத்துத்தான் நம்மையே வெளியே நிறுத்தினான் என்று தெரிந்த பிறகும் அதே கதையை நம் பிள்ளை மேல் சொல்கிறோம்.

பெயர் வைக்கிற விளையாட்டும் அதே மாதிரிதான். நமக்கு ஹரிஜன் என்று ஒருவர் பெயர் வைத்தார். ஊனமுற்றோருக்கு 2015இல் பிரதமர் திவ்யாங் என்று பெயர் வைத்தார், தெய்வீக உடம்பாம். கடவுளின் பிள்ளைகள் என்றதால் குடிதண்ணீர்க் குழாய் வந்ததா நமக்கு? தெய்வீக உடம்பு என்றதால் சரிவுப் பாதை வருமா அவர்களுக்கு? மாற்றுத்திறனாளி என்ற சொல் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது, நானும் சொல்கிறேன். ஆனால் படிக்கட்டு இருக்கிற வரைக்கும் நடக்க முடியாதவர் ஊனமாக்கப்பட்டவர்தான்.

நம் இயக்கத்துக்குள்ளும் இந்தக் கணக்கு வேண்டும். நம் கூட்டங்கள் மாடியில் நடக்கின்றன. மேடையில் எதிரியைத் திட்டும்போது குருட்டு அரசு, செவிட்டு அதிகாரி, நொண்டிச் சாக்கு என்றுதான் வாய் வருகிறது. எங்கள் சாதிப் பெயரை வசவாகச் சொன்னால் வழக்குப் போடுகிறோம், இன்னொருத்தர் உடம்பை வசவாக்குவது பற்றி யோசிப்பதில்லை. ஊனமுற்றோர் சங்கங்களிலும் இதே கதைதான் மறுபக்கமாக. அங்கே எல்லோரும் ஊனமுற்றோர், சாதி பேசினால் ஒற்றுமை கெட்டுவிடும் என்கிறார்கள். சங்கத்து விடுதியில் யார் தட்டு தனியாக இருக்கிறது என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது.

இப்போது நம் முன்னால் உள்ள வேலை. நாம் எடுக்கப்போகிற கணக்கில் திருப்திக் கேள்விகளை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம், கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் நேரம், தூரம், கூலி, கடன், படிப்பு, தூக்கம் ஆகியவற்றைக் கேட்போம். ஊர்த் தெருவில் அதே ஊனமுள்ள வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும், விடுவார்களா என்பது வேறு. அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் ஊனத்தால் போனது எவ்வளவு, சாதியால் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எழுதியதை எடுத்துக்கொண்டு போய்விடாமல், அந்தத் தெருவிலேயே கூட்டம் போட்டுப் படித்துக் காட்ட வேண்டும். பெயர் வேண்டாம், எண்ணை மட்டும் படிக்கலாம். எனக்கு இத்தனை மணி நேரம், உனக்கு எவ்வளவு என்று பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தால் நாலு என்று சொன்னவர் அன்றைக்கு என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

படிவம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வெளியிலிருந்து வருகிற கல்லூரிப் பிள்ளைகளாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. சேரியிலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற ஊனமுற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எடுப்போம். வண்டிச் செலவும் நாள் கூலியும் கொடுக்க வேண்டும், இயக்க வேலை என்று சொல்லிச் சும்மா வாங்கக் கூடாது. எவ்வளவு என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.